தண்டனை பெற்றவர் ஒருவர். அனுபவிப்பவர் எத்தனை பேர்?



சென்ற பௌர்ணமி நாளன்று, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் தம்ம உரை நிகழ்த்திவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் 22 வயதுப் பெண்ணொருத்தி நம்மிடம் வந்து நின்றாள். அவள் நமக்குப் புதியவளல்லள். நம்முடன் நூற்பாலையில் உழைத்த ஒருவரின் மகள். சிறு பருவம் முதல் நம்மை மாமா என்றே அழைத்து வருபவள்.

“மாமா, அப்பாவுக்குக் கோர்ட்டு பத்து வருஷம் போட்டது. எங்களுக்குப் போட்டது யாரு? எத்தனை வருஷம்?”

இவ்வளவே கேட்டாள். விடைக்குக் காத்திராமல், தன் தாயாரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு இருட்டில் நடந்து சென்றுவிட்டாள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவளுடைய கேள்விக்குரிய விடையில் நமது பெயரும் அடங்கியிருந்ததே அதற்குக் காரணம். அஃது எவ்வாறென்பதைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண், சிறைவாசம் ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் என்ன செய்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உள்ளே சென்றவர்

அப்பெண்ணின் தந்தையும் நாமும் ஒரே ஆலையில், ஒரே இரவு ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். அவர் அதிகம் பேசாதவர். கூலி வாங்கிய நாளில் நேரே வீட்டுக்குச் செல்பவர். ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு முன்பு, வேலியோரத்து ஒரு சாண் மண்ணின் பொருட்டு அயல் வீட்டாருடன் அவருக்கு வாய்ச்சண்டை மூண்டது. கையில் மண்வெட்டி இருந்தது. ஒரு நாழிகைக்குள் ஒருவர் பிணமானார், மற்றவர் கைதியானார். குற்றம் நிகழ்ந்தது மெய். அதனை அவர் நீதிமன்றத்திலும் மறுக்கவில்லை, நம்மிடத்திலும் மறுத்ததில்லை. ஆதலின் நிரபராதி ஒருவரின் கதையை ஈண்டு நாம் கூற முற்படவில்லை. குற்றம் செய்த மனிதரைப் பற்றியே பேசுகிறோம்.

திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1886-ஆம் ஆண்டில் எழுந்த பூஜப்புரை மத்திய சிறையின் மதிலுக்குள் அவர் சென்றார். தீர்ப்பு வருவதற்கு முன்னரே நெடுநாள் காவலில் கழிந்தது. இந்நிலை அவருக்கு மட்டும் உரியதன்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே என்பது அரசாங்கக் கணக்கு. அஃதாவது நால்வரில் மூவர், தாம் குற்றவாளியா அன்றா எனத் தீர்மானிக்கப்படுமுன்னரே கம்பிக்குள் இருந்தவர்கள்.

சிறைக்குள் ஒருவனுக்கு என்ன நேருகிறது? அடியும் பட்டினியுமே சிறையின் கொடுமை என்று வெளியிலுள்ளோர் எண்ணுகின்றனர். நம் நண்பர் நம்மிடம் கூறியது வேறு. விடியலில் பூட்டுத் திறக்கப்படும், தலை எண்ணப்படும், சோறு வரும், வேலை தரப்படும், மாலையில் மீண்டும் தலை எண்ணிப் பூட்டப்படும். எப்பொழுது எழுவது, எதனை உண்பது, யாருடன் இருப்பது, விளக்கை எப்பொழுது அணைப்பது என்பவற்றுள் ஒன்றையேனும் அவர் தீர்மானிக்க வேண்டியதில்லை. முதலாண்டில் இது வேதனை. மூன்றாம் ஆண்டில் பழக்கம். ஆறாம் ஆண்டில் அது இல்லாவிடில் அச்சம். அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் டொனால்டு கிளெம்மர் என்பார் 1940-இல் வெளியிட்ட நூலில், சிறையின் பழக்கவழக்கங்கள் மனிதனுக்குள் ஊறிப்போவதை விரிவாக எடுத்துரைத்தார். கால் விலங்கைக் கொல்லன் வெட்டிவிடலாம். பழக்கத்தின் விலங்கை வெட்ட உலைக்களம் எங்குளது?

சிறைக்குள்ளும் நம் நாட்டின் பழைய நோய் உடன் செல்கின்றது. இன்ன சாதியான் கூட்டுக, இன்ன சாதியான் சமைக்க என வேலையைப் பகிர்ந்தளிக்கும் விதிகள் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் இருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவை அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தள்ளிற்று. நாடு விடுதலை பெற்று 77 ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தத் துடைப்பம் கீழே வைக்கப்பட்டது.

எனினும் சிறை எல்லாரையும் கெடுத்தே அனுப்புகிறது என்று கூறுதல் அறமாகாது. நெய்யாற்று அணைக்கு அண்மையில், நெட்டுகால்தேரியில், கேரளத்தின் முதலாவது திறந்தவெளிச் சிறை 1962-இல் தொடங்கப்பெற்றது. நன்னடத்தையுடைய நீண்ட காலக் கைதிகள் அங்கே உயர்ந்த மதிலின்றி, ரப்பர்த் தோட்டத்தில் கூலிபெற்று உழைக்கின்றனர். நம் நண்பரும் தம் தண்டனையின் பிற்பகுதியை அங்கே கழித்தார்; பால் வெட்டக் கற்றார்; மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். 1975-இல் செய்ப்பூர்ச் சிறையிலும், 1994-இல் தில்லித் திகார்ச் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்கும் விபாசனை தியானம் கற்பிக்கப்பட்டதை நம் வாசகர்கள் அறிவர். மனிதன் மாறக்கூடியவன் என்பதற்கு இவை சான்று. எத்திசையில் மாறுவான் என்பது அவனைச் சூழ்ந்துள்ள காரண காரியங்களைப் பொறுத்தது.

வெளியே நின்றவர்கள்

நாம் ஆலையில் கற்ற பாடம் ஒன்றுண்டு. நூற்கும் இயந்திரத்தில் ஓர் இழை அறுந்தால் உடனே அதனைப் பற்றி ஒட்டவேண்டும். கண் அயர்ந்து விட்டுவிட்டால், அறுந்த பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டு பருக்கும். பருத்து அண்டையிலுள்ள இழைகளையும் அறுக்கும். அறுந்தது ஒன்று, பாழாவது பல. ஒரு குடும்பத்தில் ஒருவர் சிறைப்படும்பொழுது நடப்பதும் இதுவே.

நண்பரின் மனைவியார் அதற்குமுன் கூலி வேலைக்குச் சென்றறியாதவர். அண்டியாபீசு என நம் மக்கள் சொல்லும் முந்திரி ஆலையில் அமர்ந்து, ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுக்க, பருப்பு உடைத்தார். வக்கீல் கட்டணத்துக்குத் தாலிக்கொடி போயிற்று. பின்பு வீட்டுக்குப் பின்னிருந்த ஐந்து சென்டு நிலம் போயிற்று. சண்டைக்குக் காரணமாயிருந்த அந்த ஒரு சாண் மண்ணும் அவ்வைந்து சென்டில் அடங்கியதே. தீர்ப்பின் நகல் ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வீட்டிலோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தோர் இருந்தனர். கணவர் எக்குற்றத்துக்காக எத்தனை ஆண்டுகள் உள்ளே இருக்கவேண்டும் என்பதைப் பிறர் வாய்மொழியாகவே அவ்வம்மையார் அறிந்தார்.

எல்லைக் கிராமத்தாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மக்களுக்கு உறவும் தொழிலும் களியிக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் பரந்து கிடக்கின்றன. எல்லையின் இப்புறத்தில் வழக்கானால் பூஜப்புரை; அப்புறத்தில் வழக்கானால் நாகர்கோவில், அதனினும் அப்பால் பாளையங்கோட்டை. பாறசாலையிலிருந்து பாளையங்கோட்டைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, சில நிமிட நேரம் கம்பிவலையின் ஊடே முகம் பார்த்துத் திரும்பும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். முதலாண்டில் மாதந்தோறும் செல்வர். அடுத்த ஆண்டில் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் செல்வர். பின்னர் எப்பொழுதேனும் செல்வர். இதனை அன்பின் குறைவென்று சொல்லலாகாது. அது பேருந்துக் கட்டணத்தின் மிகுதி.

இனிக் குழந்தையின் நிலை. தந்தை சிறை சென்றபொழுது அவளுக்கு வயது 4. அப்பா எங்கே என்று கேட்டபொழுது, கல்ஃபில் இருக்கிறார் என்றனர். நம் பகுதியில் பாதி வீட்டுத் தகப்பன்மார் கல்ஃபில் இருந்தமையால் அப்பொய் எளிதாகப் பொருந்திற்று. ஆனால் மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் விடுமுறையில் பெட்டி நிறையப் பொருள் கொண்டுவந்தனர். இவளுடைய தகப்பனாரிடமிருந்து மிட்டாய் ஒன்றும் வரவில்லை. எட்டாம் வயதில் பள்ளித் தோழி ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று மாலை வீடு திரும்பியவள் தாயிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று முதல் தகப்பனாரைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தாய் மகிழ்ந்தார். அது பொறுப்பன்று, நாணம். செய்யாத குற்றத்துக்கு நாணுதல் என்னும் தண்டனையை எந்தச் சட்டப் புத்தகம் விதித்தது?

நண்பரின் தாயார் அவர் உள்ளே இருக்கும்பொழுதே காலமானார். விடுப்பு ஆணை கைக்கு வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த ஒரு நாளை எவ்வரசாங்கத்தாலும் அவருக்குத் திருப்பித் தர இயலாது.

புகழுடைய சிறையும் புகழற்ற சிறையும்

சிறை சென்றோர் அனைவரையும் நம் ஊர் ஒன்றுபோல் நடத்துவதில்லை. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கேட்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் போராட்டத்தில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அக்காலத்தில் சிறை புகுந்தோரை ஊர் மாலையிட்டு வரவேற்றது. இன்றும் அவர் பேரன்மார் அதனைப் பெருமையாகச் சொல்கின்றனர். பொது நன்மைக்காகச் சிறை சென்றவரையும் கோபத்தால் கொலை செய்தவரையும் நாம் ஒப்பிடவில்லை. ஆயினும், புகழுடைய சிறையும் வீட்டை என்ன செய்தது என்று பார்த்தால், புகழற்ற சிறையின் சுமை விளங்கும்.

ஆலைத் தொழிலாளராகிய நாம் மறக்கவொண்ணாத ஒருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளருக்காக நின்றவர் அவர். அவ்வாண்டு மார்ச்சு 12 அன்று கைதானார்; ஜூலை 7 அன்று இரண்டு வழக்குகளிலுமாகச் சேர்த்து 40 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டைப்போல் செக்கிழுத்தார். அதே சிறை வாழ்க்கையிடையே நூல்களும் மொழிபெயர்த்தார். அவர் உடலைச் சிறை வாட்டியதேயன்றி உள்ளத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் நடந்தது யாது? தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பியார் சித்தம் கலங்கினார், இறுதிவரை தெளியவில்லை. 1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபொழுது, கப்பலோட்டியவரை எதிர்கொள்ள வந்தவர் மிகச் சிலரே. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. கடை வைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. அவ்வுரிமையைப் பின்னர் மீட்டுத்தந்த நீதிபதி வாலேசு என்பாரின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஒரு கதவைத் திறந்துவிட்ட அயலாருக்கு அம்மனிதர் காட்டிய நன்றியைப் பாருங்கள்! கதவு திறத்தல் அத்துணைப் பெரிது.

நாடறிந்த தியாகிக்கே இந்நிலையென்றால், மண்வெட்டியால் அயலானைக் கொன்ற ஓர் ஆலைத் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு எந்நிலை!

திரும்பி வந்தவர் யார்?

நன்னடத்தைக்குரிய கழிவுபோக, எட்டாம் ஆண்டில் நண்பர் விடுதலையானார். அன்று பேருந்திலிருந்து இறங்கி அவருடன் நடந்தவர்களுள் நாமும் ஒருவர். வீட்டு வாசலை அடைந்ததும் அவர் நின்றுவிட்டார். கதவு சாத்தியிருந்தது, ஆனால் பூட்டியிருக்கவில்லை. தள்ளினால் திறக்கும். அவர் தள்ளவில்லை. யாரேனும் வந்து திறக்கும்வரை கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து மகள் வந்து திறந்தாள். வயது 12. வந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நின்றவளை அவருக்கும் தெரியவில்லை.

பல மாதங்கள் வரை விளக்கை அணைத்தால் அவருக்கு உறக்கம் வராது. இரவுச் சோற்றில் ஒரு பிடியை இலையில் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். வீட்டில் உள்ளவர்களோ அவரின்றி வாழக் கற்றுக்கொண்டுவிட்டனர். வரவு செலவு மனைவியார் கையில். முடிவுகள் மனைவியார் வாயில். தந்தை அமர்ந்திருந்த இடம் எட்டாண்டுகளில் தூர்ந்துபோய்விட்டது. யாரும் அவரை வெறுக்கவில்லை; ஆயினும் எங்கே அமர்வது என்பது அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நமது தம்மத்தின் கேள்வி எழுகின்றது. சென்றவரும் வந்தவரும் ஒருவரா, இருவரா? மிலிந்த மன்னனுக்கு நாகசேனத் தேரர் விளக்கின் உவமையைக் கூறினார். இரவின் முதற்சாமத்தில் எரிந்த சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றேயுமல்ல, முற்றும் வேறுமல்ல, ஒன்றைத் தொடர்ந்து ஒன்று எரிகின்றது. அதே உரையாடலில் மாங்கனித் திருடன் ஒருவனும் வருகிறான். நட்ட விதை வேறு, நான் பறித்த கனி வேறு. ஆதலால் நான் திருடனல்லன் என்கிறான். கனி விதையிலிருந்தே வந்தது என்பதால் அவ்வாதம் செல்லாது.

இவ்வுவமை இருபுறமும் வெட்டும் வாள். குற்றம் செய்தவன், நான் இப்பொழுது வேறு மனிதன், பழைய செயலுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று தப்ப இயலாது. அவ்வாறே ஊரும், இவன் அன்றைய கொலைகாரனே, அணுவளவும் மாறவில்லை என்று சொல்ல இயலாது. சுடர் தொடர்ந்து எரிந்திருக்கின்றது. எண்ணெயும் திரியும் மாறியிருக்கின்றன. எண்ணெய் ஊற்றவேண்டியவர் எவர்? வீட்டாரும் ஊராருமன்றோ?

நாம் செய்த பிழை

இனி நமது பெயர் வரும் இடத்தைக் கூறுவோம். ஈராண்டுகளுக்கு முன், களியிக்காவிளைக்கு அப்பாலிருந்து அப்பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார், உபதேசியார் நல்லவர், பொய் சொல்லமாட்டார் எனக் கேள்விப்பட்டு நம் வீட்டுக்கு வந்தனர். தேநீர் கொடுத்தோம். பெண் வீட்டார் எப்படி என்று கேட்டனர். நாம் உண்மையைச் சொன்னோம்: தகப்பனார் கொலை வழக்கில் தண்டனை பெற்று உள்ளே இருந்தவர். அவர்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தனர். வணக்கம் கூறிப் புறப்பட்டனர். அவ்வளவுதான்.

நெடுநாள் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பொய் பேசாமை நாம் ஏற்ற சீலமன்றோ? மறைத்துவைத்து ஒரு திருமணத்தை முடிப்பது வஞ்சனையன்றோ? ஆம், மறைத்திருந்தால் அது குற்றமே. இன்றும் அவ்வாறே கருதுகிறோம். ஆனால் அபயராஜகுமார சூத்திரத்தில் பகவன் காட்டிய அளவுகோல் மூன்று: சொல் உண்மையா, பயனுடையதா, காலமறிந்து சொல்லப்படுகிறதா? நாம் முதலாவதை மட்டும் பார்த்தோம். அதனையும் முழுமையாகப் பார்க்கவில்லை. முழு உண்மை யாது? அம்மனிதர் ஒரு கணச் சினத்தால் கொலை செய்தார், மறுக்காமல் ஒப்புக்கொண்டார், விதித்த தண்டனையை அனுபவித்தார், இன்று விடியலில் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைக்கிறார், பத்தாண்டுகளாக ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. அவர் மகளோ தையல் கற்று, தன் கூலியில் தாயைக் காக்கிறாள். இவ்வளவும் உண்மை. நாம் சொன்னது அதன் முதல் வரி மட்டும். முதல் வரியோடு நிறுத்திய உண்மை பொய்யின் வேலையையே செய்தது.

நீதிமன்றம் பத்தாண்டு விதித்து, கழிவும் தந்தது. நாம் ஒரு கோப்பைத் தேநீருக்கிடையில், கழிவில்லாத தண்டனையைக் குற்றமற்ற ஒருத்திக்கு விதித்தோம். விசாரணையில்லை, மேல்முறையீடும் இல்லை.

அரசன் விட்டான், தெரு விடவில்லை

அங்குலிமாலரின் வரலாற்றைப் பலமுறை மேடையில் கூறியுள்ளோம். கூறும்பொழுதெல்லாம் கொள்ளையன் துறவியான அற்புதத்தோடு முடித்துவிடுவோம். அதன் பிற்பகுதியை இப்பொழுதுதான் கவனித்தோம். பசேனதி அரசன் ஐந்நூறு குதிரை வீரருடன் அவரைப் பிடிக்கப் புறப்பட்டான். பகவனிடம் அவர் துறவுக் கோலத்தில் இருக்கக் கண்டு, வணங்கி, வேண்டிய பொருள்களைத் தருவதாகவும் சொன்னான். அரசனுடைய கணக்கு அங்கே தீர்ந்தது. ஆனால் அங்குலிமாலர் பிச்சைக்குத் தெருவில் இறங்கியபொழுது கல்லும் கழியும் வந்து விழுந்தன. தலை உடைந்து, பாத்திரம் உடைந்து, ஆடை கிழிந்து திரும்பினார். பொறுத்துக்கொள்க என்று பகவன் அவருக்கு உரைத்தார். பொறுத்தல் அவருடைய கடமை. அதனால் கல்லெறிதல் தெருவாருக்கு உரிமையாகிவிடாது. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

அசோகச் சக்கரவர்த்தி தம் கல்வெட்டுகளில் இதனைத் தெளிந்து உரைத்தார். ஐந்தாம் பாறைக் கல்வெட்டில், தம்ம அதிகாரிகள் கைதிகளின் நலம் நாடவேண்டும் என்றும், முதியவரையும், மக்களைக் காக்கும் பொறுப்புடையவரையும் கருதி விடுதலைக்கு ஆவன செய்யவேண்டும் என்றும் பொறித்தார். தூண் கல்வெட்டில், மரண தண்டனை பெற்றவருக்கு மூன்று நாள் தவணை அளித்து, உறவினர் முறையிட வழி செய்தார். கைதிக்குப் பின்னால் ஒரு வீடு நிற்கிறது என்பதை அரசாணையாகக் கல்லில் எழுதிய மன்னர் அவர். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்ற விதிகளும், கைதிக்கும் குடும்பத்துக்குமுள்ள உறவைப் பேணுமாறு கூறுகின்றன.

நம் தமிழிலோ மணிமேகலை இருக்கிறாள். பசியால் வாடிய கைதிகளுக்கு அமுதசுரபியால் உணவளித்தாள். வரம் யாது வேண்டும் என்ற சோழ மன்னனிடம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டிப் பெற்றாள்.

கொலையுண்டவர் வீட்டார்

கருணை கருணை என்று கைதியின் வீட்டுக்கே வழி காட்டுகிறீரே, செத்தவன் வீட்டுக்கு யார் போவது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. நண்பரின் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டில் அந்த விதவைத் தாயார் வாழ்கிறார். அவருக்கு எந்தக் கழிவும் இல்லை. எந்த விடுதலை நாளும் இல்லை. அவர் மன்னிக்கவேண்டும் என்று உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. மன்னிப்பு கேட்டு வாங்கும் கடனன்று.

மணிமேகலையின் கதையிலும் இப்பகுதி உண்டு. தன் மகன் உதயகுமாரன் வெட்டுண்டு இறந்த துயரத்தால் அரசமாதேவி மணிமேகலையைத் துன்புறுத்தினாள். அறையில் அடைத்துப் பட்டினியும் இட்டாள். மணிமேகலை அவளை வெறுக்கவில்லை. அவள் துயரின் வேரைக் காட்டி ஆற்றினாள். கைதிக்கு உணவளித்த அதே பெண்தான் மகனை இழந்த தாய்க்கும் ஆறுதல் அளித்தாள். ஒரு கருணை இருபுறமும் செல்லவேண்டும் என்பதே பொருள்.

1998-இல் உச்ச நீதிமன்றம், கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்றும், அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோருக்குச் சேர வகை செய்யவேண்டும் என்றும் கூறிற்று. நம் நண்பர் சட்டம் அறியார். ஆனால் விடுதலையான நாள் முதல், அத்தாயார் வாசலில் நிற்கும் நேரத்தில் அவ்வழியே செல்வதில்லை. அரை மைல் சுற்றி வயல் வரப்பில் நடந்து செல்கிறார். தம் முகம் அவருக்குத் துன்பம் தரும் என்பதை அவர் அறிவார். இதனைக் காணும் நமக்கு, பச்சாதாபம் என்னும் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. அவருடைய மகளின் திருமணம் தடைப்பட்டதனால் அத்தாயாரின் துயரத்தில் ஒரு குன்றிமணியேனும் குறைந்ததா? குறையவில்லை. எவர்க்கும் பயன்படாத துன்பத்தை நாம் ஏன் பெருக்கவேண்டும்?

செய்யத்தக்கது

உபாசக உபாசிகைகளே! பெருஞ்செயல்கள் நம்மால் இயலாவிடினும் சிறு செயல்கள் உள. கைதியின் வீட்டாரைக் கண்டால் தெருவின் மறுபுறம் செல்லாதிருப்போம். நேர்காணலுக்குச் செல்லும் தாய்க்குப் பேருந்துக் கட்டணம் தருவோம். இயலுமாயின் உடன் செல்வோம். நீதிமன்றத் தாளைப் படித்துத் தமிழில் பொருள் சொல்வோம். கைதிகளின் பிள்ளைகளின் கல்விக்குக் கேரள அரசின் சமூக நீதித் துறை உதவி தருகின்றது. நன்னடத்தை அலுவலர் வாயிலாக அதற்கு மனு எழுதிக்கொடுப்போம். சிறு பிள்ளைகளிடம் கல்ஃபு என்று பொய் கூறாமல், அவர்கள் வயதுக்கேற்ற உண்மையை வீட்டாரே முதலில் சொல்ல உதவுவோம். விடுதலையானவருக்கு வேலை கொடுப்போம். எவரேனும் அவ்வீட்டைப் பற்றி நம்மிடம் விசாரித்தால், முழு உண்மையையும் கடைசி வரி வரையில் சொல்வோம்.

அறுந்த இழையை ஒட்டுபவன் பெருவீரனல்லன். ஒரு நொடி குனிந்து கை வைப்பவன். ஆலையில் அதனை நாளொன்றுக்கு நூறு முறை செய்தோம். ஊரில் ஒருமுறை செய்யத் தவறினோம்.

கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் பால் வெட்டச் சென்றிருந்தார். அவள் தையல் இயந்திரத்தின் முன் இருந்தாள். “மோளே, உங்களுக்குத் தண்டனை போட்டவர்களில் மாமாவும் ஒருவன்” என்று தொடங்கி, அன்று நடந்ததை மறைக்காமல் கூறினோம். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எத்தனை வருஷம்னு மாமா சொல்லலியே” என்றாள்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அன்பர்களே, அதனை உங்களிடமே சேர்ப்பிக்கிறோம். தீர்ப்பு எழுதியவர்கள் நாம் அனைவருமாதலின், அத்தண்டனை முடியும் நாளைக் குறிக்கவேண்டியவர்களும் நாமே.

எவ்வுயிரும் துன்பம் நீங்கி நலம் பெறுக.